ஒரு பக்கெட்டுக்குப் போன குரல்

மார்ச் 3

தம்பிக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நேற்றுப் பத்து மணிக்கு என் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதை உடனே உனக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாய். வரவில்லை. இனி வரவும் வராது. அந்தப் பழைய நம்பர் இப்போது என்னிடம் இல்லை. அதைக் கொடுத்து ஒரு பக்கெட் வாங்கிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தெரு முனையில் குடை விரித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். புது நம்பர் எடுத்தால் பக்கெட் இலவசமாம். நீல நிறம், இருபது லிட்டர், பிடி நல்ல உறுதி. அவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, போன் ரொம்ப மெதுவா ஓடுதே, எல்லாத்தையும் துடைச்சு விடட்டுமா?" என்றார். சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவளிடம் துடைக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றா சொல்வாள்? துடைங்க என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் என் வீட்டில் பத்து நாள் உட்கார்ந்து, உன் போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனதால் என் போனில் பேசிப் பேசிப் பதிந்தாயே, அதெல்லாம் எங்கோ மேலே ஒரு கம்பெனிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நீயும் அப்படித்தானே சொன்னாய். மேலே ஏறவும் என் நம்பர்தான் ஏணி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இதைப் போனில் சொல்லியிருப்பேன். நான் பேசினால் நீ திருப்பிப் பேச முடியாது. சண்டையில் அப்படி ஜெயிக்க எனக்கு மனம் வரவில்லை. தட்டி அனுப்பலாம் என்றால் ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்குப் பேனாதான் சரி.

கழுத்துக் காயம் ஆறிவிட்டதா?

அக்கா


மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பக்கெட்டின் நிறம், கொள்ளளவு, பிடி எல்லாம் இருக்கிறது. என்ன தொலைந்தது என்பது மட்டும் இல்லை. நானே எழுதுகிறேன்.

ஆயிரத்து இருநூறு வாக்கியங்கள். உன் ஊர் ஆஸ்பத்திரியின் குரல் பிரிவில் இருக்கும் பெண் கொடுத்த பட்டியல். அதைப் படித்துப் பதிந்து வைத்தால், குரல்வளையை எடுத்த பிறகு ஒரு பொறி செய்து தருவார்கள். நான் எழுத்தைத் தட்டினால் அது என் குரலில் பேசும். வேறு யாருடைய குரலிலும் இல்லை, என் குரலில். மார்ச் 31-க்குள் பதிவை அவரிடம் கொடுக்க வேண்டும். அந்தத் திட்டம் அன்றோடு முடிகிறது. அவரும் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்.

இப்போதைக்குக் கொடுத்திருக்கும் பொறியில் கடையில் விற்கும் குரல் ஒன்று இருக்கிறது. செய்தி வாசிப்பவர் மாதிரி. நேற்று அதில் "சாப்பிட வா" என்று தட்டினேன். சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் பின்னால் போய் நின்றாள். என் வீட்டுக்காரி இப்போதெல்லாம் என்னிடம் சத்தமாகப் பேசுகிறாள். போனது என் குரல். என் காது இல்லை.

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். இருபத்திரண்டு வருஷம் கத்திப் பிழைத்தவன். இப்போது கழுத்தில் சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறேன்.

பழைய நம்பருக்குக் கூப்பிட்டுப் பார். யார் கையில் இருந்தாலும் கெஞ்சு.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

கூப்பிட்டேன். அந்த நம்பர் இப்போது ஓர் ஆண்பிள்ளையிடம் இருக்கிறது. நல்ல மனிதர் போலத்தான் ஆரம்பித்தார்.

"உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பர் வரும். அதை மட்டும் எங்கிட்ட சொல்லுங்க, புண்ணியமா போகும்" என்றேன்.

"இப்படித்தான் எல்லாரும் கேக்கிறாங்க. போன மாசம் என் மாமனார் சொல்லிட்டு மொத்தப் பணத்தையும் விட்டாரு."

"ஐயா, இது என் தம்பியோட குரலுங்க. காசு பணம் இல்ல."

"போன தடவை கூப்பிட்டவன் தங்கச்சி கல்யாணம்னான்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

என் பக்கத்து மேசையில் தலையணை உறை பிரிக்கிறவள் கொஞ்சம் படித்தவள். நீ மறந்துபோன கடவுச்சொல்லை நாமே ஊகித்துவிடலாம் என்றாள். உன் பிறந்த நாள், சின்னவள் பிறந்த நாள், உன் கார் நம்பர் எல்லாம் போட்டோம். பன்னிரண்டாவது தடவை திரை சிவப்பாகிவிட்டது. சந்தேகத்துக்குரிய நடவடிக்கையாம். கணக்கைப் பூட்டிவிட்டார்களாம். நம் வீட்டுக்குள் போக நாமே தட்டினால் நம்மைத் திருடன் என்கிறான் காவல்காரன்.

பூட்டினது நான்தான். பக்கெட்டுக்குப் பிறகு இது இரண்டாவது தப்பு. திட்டு. திட்டி எழுதினால் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன். "தாங்களே உரிமையாளர் என்பதை எங்களால் உறுதி செய்ய இயலவில்லை. முப்பது நாட்களில் இக்கணக்கின் உள்ளடக்கம் நிரந்தரமாக நீக்கப்படும். எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி."

பதினொரு தடவை எழுதிவிட்டேன். பதினொரு தடவையும் இதே வாக்கியங்கள். மனிதன் படிக்கவில்லை. என் குரல்தான் அத்தாட்சி, பதிவைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்து சரிபாருங்கள் என்று எழுத நினைத்தேன். போன் செய்தால் என்ன பேசுவேன்?

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். முடியவில்லை. பதிந்து முடித்த அன்று உன் போன் நிரம்பி வழிந்தது. "மேலே போயிடுச்சு. அவ்வளவு பெரிய கம்பெனி, தீ பிடிச்சாக் கூட நம்ம சாமானுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, போனில் இருந்ததையெல்லாம் அழித்தது நான். ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. "ஒண்ணை நான் வச்சுக்கட்டுமா?" என்று நீ கேட்டாய். "உன்கிட்ட இருந்தா தொலைஞ்சுடும்" என்றேன்.

அவர்களுடைய கட்டடத்தில் தீ பிடிக்கவில்லை. எதுவுமே ஆகவில்லை. என் குரல் அங்கே முழுசாக, சுத்தமாக இருக்கிறது. கதவு மட்டும்தான் ஒன்று. அதன் சாவியும் அவர்களிடம்தான்.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

இந்த ஊரிலேயே அந்தக் கம்பெனிக்கு ஓர் அலுவலகம் இருக்கிறதாம். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நேற்றுப் போனேன். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. அதைத் துடைக்கிறவர்களை நினைத்து வாசலிலேயே கொஞ்ச நேரம் பரிதாபப்பட்டேன்.

காவலாளி, "யாரைப் பாக்கணும்மா?" என்றார்.

"என் தம்பியோட குரல் உள்ள இருக்கு. எடுத்துட்டுப் போக வந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி போட்டார். வெயிலில் மூளை கலங்கி வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு மணி நேரம் கழித்துக் கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி வந்தாள்.

"அம்மா, இது விளம்பரப் பிரிவு. இங்க எதுவும் வைக்கிறதில்ல."

"எங்க வச்சிருக்கீங்க?"

"எங்களுக்கே தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

அவளுக்கு அதுவும் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை; முகத்தில் தெரிந்தது. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். உன் பேச்சு முழுவதையும் வைத்திருக்கிற வீட்டில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இன்னும் பதினாறு நாள். நான் சும்மா இல்லை.

அக்கா


மார்ச் 17

அக்கா,

போதும். இனி எழுதாதே. நீ எழுதுகிற நகைச்சுவைக்குச் சிரித்தால் எனக்குக் கழுத்து ஓட்டையிலிருந்து காற்று சீறுகிறது. வீட்டில் அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சிலேட்டு போதும். ஓட்டுநர் பள்ளி முதலாளியிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். எழுதித்தான் சொன்னேன். அவர் முதுகில் தட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

எழுதாதே என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் படிப்பு அவ்வளவாக வராது, அந்த வரி சரியாக விளங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் சலவைக்கூடத்து வேன் ஓட்டுகிறவரிடம் உன் கதையைச் சொன்னேன். வேனை ஓரங்கட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "அவரா? எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவராச்சே" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் ஊரில் இருந்தவராம். போன் மாற்றினாலும் பழைய குரல் செய்திகளையெல்லாம் கூடவே கொண்டு வருகிறவர். தேடி எடுத்துப் போட்டுக் காட்டினார்.

"நாளைக்கு ஆறு மணின்னா ஆறு மணிக்கு வரணும். ஆறு அஞ்சுக்கு வந்தா வண்டி இருக்கும், நான் இருக்க மாட்டேன். செருப்பு போட்டுட்டு வா. கிளட்ச்சை மிதிக்கச் சொன்னா அது மேல நடக்கிறியே."

தம்பி, அது நீ. நாலு மாதம் கழித்துக் கேட்கிறேன். அழுக்குத் துணி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்னொன்று போட்டார். அதிலும் திட்டுதான். எனக்குக் கேட்கக் கேட்க இனித்தது.

எங்கள் கூடத்தில் நடந்தது ஒன்று சொல்கிறேன். முன்னால் ஆஸ்பத்திரி விரிப்பு எல்லாவற்றையும் ஒரே அறையில் அடுக்கி, ஒரே பூட்டு போட்டு வைப்போம். மேலே தண்ணீர்க் குழாய் வெடித்தது. ஒரே நாளில் ஆறு மாடிக்கும் விரிப்பு இல்லை. நோயாளிகள் வெறும் மெத்தையில் கிடந்தார்கள். அதன் பிறகு மேற்பார்வையாளர் மாடிக்கு ஓர் அலமாரி என்று பிரித்துவிட்டார். இப்போது ஒரு குழாய் வெடித்தால் ஒரு மாடிதான் நனையும். மற்ற ஐந்தும் கை கொடுக்கும்.

நீ இருபத்திரண்டு வருஷமாக உன் குரலை மாடி மாடியாகப் பிரித்து வைத்திருக்கிறாய், உனக்கே தெரியாமல். குரல் பிரிவுப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அரை மணி நேரத்துக்குத் தெளிவான பேச்சு கிடைத்தால் எப்படியாவது செய்துவிடலாம் என்கிறாள்.

உன் மாணவர் நோட்டை அனுப்பு. உடனே.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நோட்டு இத்துடன். முந்நூற்றுப் பத்துப் பேர். பாதி நம்பர்கள் செத்திருக்கும். என் வீட்டுக்காரி இங்கே இருப்பவர்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். அவளிடமே என் செய்தி ஒன்றுகூட இல்லை. கேட்டேன். "காய்கறி வாங்கிட்டு வான்னு சொல்றதை யாராவது சேத்து வைப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.

நம்பிக்கை இல்லாமல்தான் அனுப்புகிறேன். தூக்கிப் போட்ட சாமான் மாதிரி கிடப்பதைப் பொறுக்கி ஒரு குரல் செய்ய முடியுமா? ஒருவர் அழித்திருப்பார், ஒருவர் போனை விற்றிருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நல்ல வாக்கியங்கள் இருந்தன. "இன்று வானம் தெளிவாக இருக்கிறது." "உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி." இவர்களிடம் இருப்பதெல்லாம் என் வசவு. அதை வைத்துச் செய்தால் சின்னவளிடம் நான் எந்தக் குரலில் பேசுவேன்?

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

பதினேழு நிமிஷம்.

எண்பத்து மூன்று பேர் அனுப்பினார்கள். ரொட்டி வண்டிக்காரர், நர்ஸ், தையற்கடை அம்மா. அந்த அம்மா மட்டும் நாற்பது செய்தி வைத்திருந்தார். வண்டி எடுக்கும் முன்னால் பயம் போக ஒவ்வொரு நாளும் போட்டுக் கேட்பாராம். ஒருவர் உன் "இடது, இடது, உன்னோட இடது" என்பதைத்தான் அலாரமாக வைத்திருக்கிறார். வேன் ஓட்டுநர் எல்லாவற்றையும் வாங்கி வாங்கிக் குரல் பிரிவுக்கு அனுப்பினார். பாதியில் ஹாரன் சத்தம், பாதியில் காற்று. அந்தப் பெண் சலித்து எடுத்தது பதினேழு நிமிஷம்.

இன்னும் நாலு நாள். இரண்டு நாளாகப் புதிதாக ஒன்றும் வரவில்லை.

இன்றைக்குச் சிரிப்பாக எழுத வரவில்லை. பிரிக்கும் மேசையில் நின்றுகொண்டே அழுதேன். பக்கத்து மேசைக்காரி சோப்புத் தூள் கண்ணில் பட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தப் பக்கெட்டைத் தூக்கித் தெருவில் வீசப் போனேன். வீசினால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது, கவிழ்த்து வைத்துவிட்டேன். கவிழ்த்து வைத்தாலும் அது என்னையே பார்க்கிறது.

நோட்டை இன்னொரு தடவை நினைத்துப் பார். யாரையாவது எழுதாமல் விட்டாயா?

அக்கா


மார்ச் 29

அக்கா,

ஒருவரை விட்டிருக்கிறேன். வேண்டுமென்றே விட்டேன். ஒரு பல் வைத்தியர். எட்டுத் தடவை தேர்வில் தோற்றவர். என் பள்ளிக்கே அவமானம் என்று பெயரை அடித்திருந்தேன்.

உன் கடிதம் வந்ததும் நேரில் போனேன். காத்திருப்பு அறையில் எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் கழுத்தில் சிலேட்டோடு. உள்ளே கூப்பிட்டதும் பழக்கத்தில் நாற்காலியைச் சாய்த்தார். சிலேட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"ஒன்பதாவது தேர்வுக்கு முந்தின நாள் நீங்க அனுப்பினதுதான் சார். ஒண்ணே ஒண்ணு. அதை அழிக்கவே இல்ல."

எனக்கு நினைவே இல்லை. போட்டார். பதினான்கு நிமிஷம். அமைதியான அறையிலிருந்து பேசியிருக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து வண்டியை நிறுத்துவது வரை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஓர் இடத்தில்கூடக் கத்தவில்லை. கடைசியில், "பயம் இருக்கிறவங்கதான் நல்லா ஓட்டுவாங்க. எனக்கும் முதல் தடவை கால் நடுங்குச்சு. நிதானமா போங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறேன்.

நான் அப்படிப் பேசக்கூடியவன் என்று எனக்கே தெரியாது, அக்கா. அவர் பின்பக்கம் திரும்பி எதையோ கழுவிக்கொண்டே இருந்தார்.

குரல் பிரிவுக்கு அங்கிருந்தே அனுப்பிவிட்டார். பதினேழும் பதினான்கும் எவ்வளவு என்று நான்கு தடவை கூட்டிப் பார்த்தேன்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

செய்துவிட்டாள். முப்பத்தொன்றாம் தேதியே அவள் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் பெட்டி கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். நேற்று எனக்குக் கேட்கப் போட்டாள். "வணக்கம்" என்கிறது பொறி. ஏன்டா தாமதம் என்று கேட்கிற மாதிரியே இருக்கிறது. மெதுவாகப் பேசச் சொல்லி ஒரு பொத்தான் வைத்திருக்கிறாள். அதை அழுத்தினால் பல் வைத்தியரிடம் பேசின குரல் வருகிறது. சின்னவளுக்கு அது. மற்றவர்களுக்கு இது.

இனி இதை எங்கே வைப்பது என்று கேட்டேன். மறுபடியும் கண்ணாடிக் கட்டடத்தில் என்றால் அவள் காலில் விழுந்திருப்பேன். வேறு வழி இருக்கிறதாம். குரலை மொத்தமாகப் பூட்டி, பத்துத் துண்டாக்கி, பத்து இடத்துக் கணினிகளில் வைப்பது. பல் வைத்தியர், தையற்கடை, ரொட்டிக்கடை, எங்கள் கூடத்து அலுவலகம், உன் பள்ளி, இப்படி. ஒரு துண்டை வைத்திருப்பவருக்கு அதில் ஒரு சொல்கூடக் கேட்காது. எந்த நாலு துண்டு சேர்ந்தாலும் முழுக் குரலும் திரும்ப வந்துவிடும். ஆறு பேர் கடையை மூடினாலும், சண்டை போட்டாலும், நம்பரை மாற்றினாலும் கவலை இல்லை. நீ யாரென்று யாரும் உன்னையே கேட்கப் போவதில்லை.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

அந்தப் பெண்ணிடம் நானும் எழுதிக் கேட்டேன். அவர் உன்னிடம் சொல்லாத பாதியைச் சொன்னார். கம்பெனியை விட இது மெதுவாக வரும். பத்துப் பேரும் கணினியை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். ஒருவர் விலகினால் அவர் துண்டை இன்னோர் இடத்தில் புதிதாக வைக்க வேண்டும். பூட்டைத் திறக்கும் சொல்லை நான் மறந்தால் கெஞ்சுவதற்கும் ஆள் கிடையாது.

இருக்கட்டும். போன தடவையும் கெஞ்ச ஆள் இருந்தது. பதினொரு தடவை நன்றி சொன்னார்கள்.

பத்துப் பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பல் வைத்தியர் தன் துண்டுக்குத் தனியாக ஒரு கணினியே வாங்கிவிட்டார். பூட்டுச் சொல்லை இரண்டு தாளில் எழுதினேன். ஒன்று என் வீட்டுக்காரியிடம். இன்னொன்றை உன்னிடம் கொடுக்க நினைக்கிறேன். "உன்கிட்ட இருந்தா தொலைஞ்சுடும்" என்று நான் சொன்னதை மறந்துவிடு.

முதலாளி வரும் திங்கள் வரச் சொல்லியிருக்கிறார். பாடம் நடத்தும்போது எழுத்தைத் தட்ட நேரம் இருக்காது. அதனால் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றில் "பிரேக்" என்ற சொல்லை மட்டும் வைக்கச் சொன்னேன். பொறியை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி நீயே கொண்டு வா. பத்திரமாக.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

தாள் எனக்கு வேண்டாம். நாளைக்கே யாராவது மூடியோடு ஒரு பக்கெட் கொடுத்தால் சொல்லிவிடுவேன். தையற்கடை அம்மாவிடம் கொடு. அவர் நாற்பது செய்தி காத்தவர்.

பொறியை வாங்கிவிட்டேன். நாளை மறுநாள் பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்குக் கொண்டுவர நம் வேன் ஓட்டுநரையே கேட்டேன். பொறி எங்கும் இடிபடக் கூடாது என்று நாலு துவாலையில் சுற்றி, அந்த நீலப் பக்கெட்டுக்குள் வைத்து, மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை செலவு வைத்த பக்கெட் ஒரு நாளாவது உழைக்கட்டும் என்று.

பாதி வழியில் துவாலையைச் சரிசெய்யும்போது என் கை சிவப்புப் பொத்தானில் பட்டுவிட்டது. நீ "பிரேக்" என்றாய். இருபத்திரண்டு வருஷக் கத்தலும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

ஓட்டுநர் உன் மாணவர். மிதித்துவிட்டார்.

முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. அறுபது மூட்டை விரிப்பு முன்னால் வந்தது. ஓட்டுநர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, "சொல்லுங்க சார்" என்றார்.

பொறிக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கெட் இரண்டாகப் பிளந்துவிட்டது. பிடி நன்றாக இருக்கிறது.

அக்கா